சிக்னல், வாட்ஸ்அப், டெலிகிராம், பிரையர்: ஓர் உரிமைக் குழு எதில் பேசுவது?

மனித உரிமை மீறல்களைப் பதிவுசெய்யும் சிறிய குழுக்களில் இந்த வாக்குவாதம் ஓய்வதே இல்லை. ஒருவர் சிக்னல்தான் என்பார். "எல்லாரும் வாட்ஸ்அப்லதானே இருக்காங்க, எதுக்கு இன்னொண்ணு?" என்பார் அடுத்தவர். டெலிகிராமை யாராலும் உடைக்க முடியாதாம் என்று மூன்றாமவர் எங்கோ கேட்டதைச் சொல்வார். பேசிப் பேசி அலுத்து, எந்த ஆப் ஏற்கெனவே எல்லார் போனிலும் இருக்கிறதோ அதிலேயே ஒரு குரூப்பைத் தொடங்கிவிடுவார்கள். பிறகு பாதிக்கப்பட்டவரின் பெயர், காயங்களின் படம், சாட்சி தங்கியிருக்கும் வீட்டு முகவரி என எல்லாம் அதில் வந்து விழும்.

இந்த ஒப்பீடு அப்படிப்பட்ட குழுவுக்காக. களத்துக்குப் போய்வரும் சிலர், ஒன்றிரண்டு வழக்கறிஞர்கள், ஒரு பத்திரிகையாளர், குழுவுக்கு வெளியே சாட்சிகளும் பாதிக்கப்பட்டவர்களும். இவர்கள் என்ன பேசுகிறார்கள் என்று அறிய அரசோ அரசுக்கு வேண்டியவர்களோ முயலலாம் என்பதை முன்கூட்டியே கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டிய வேலை இது.

சட்டத்தில் இவர்களுக்கு இடம் இருக்கிறது. தனிமனிதரின் அந்தரங்கத்திலும் கடிதப் போக்குவரத்திலும் யாரும் தான்தோன்றித்தனமாகத் தலையிடக்கூடாது என்று 1948ஆம் ஆண்டின் உலகளாவிய மனித உரிமைப் பிரகடனத்தின் 12ஆவது பிரிவு சொல்கிறது. குடிமை, அரசியல் உரிமைகளுக்கான பன்னாட்டு உடன்படிக்கையின் 17ஆவது பிரிவு அதையே அந்த உடன்படிக்கையை ஏற்றுச் சேர்ந்த நாடுகளைக் கட்டுப்படுத்தும் விதியாக்கியது. 2013 ஜூனில் எட்வர்ட் ஸ்னோடென் அமெரிக்க உளவு அமைப்பின் ஆவணங்களை வெளியிட்ட பிறகு, அதே ஆண்டு டிசம்பரில், இணையத்துக்கு வெளியே மக்களுக்கு உள்ள உரிமைகள் இணையத்துக்குள்ளும் காக்கப்பட வேண்டும் என்று ஐ.நா. பொதுச் சபை தீர்மானம் போட்டது. 2024 பிப்ரவரியில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், பொட்சாசோவ் என்பவர் ரஷ்யாவுக்கு எதிராகத் தொடுத்த வழக்கில் இன்னும் ஒரு படி மேலே போனது. சிலரைப் பிடிப்பதற்காக எல்லாருடைய என்கிரிப்ஷனையும், அதாவது செய்தியைப் பூட்டும் முறையையும், பலவீனப்படுத்தச் சொல்வது தனியுரிமை மீறல் என்றது. நல்ல தீர்ப்பு. ஆனால் அந்த வழக்கின் வேர் 2017இல் ரஷ்ய உளவுத் துறை டெலிகிராமுக்கு அனுப்பிய உத்தரவில் இருக்கிறது. தீர்ப்பு வர ஏழு ஆண்டுகள் ஆயின. அதற்கிடையில் மக்கள் எதிலாவது பேசிக்கொண்டுதான் இருந்தார்கள்.

ஆகவே எதில் பேசுவது என்பதை நாமே முடிவுசெய்ய வேண்டியிருக்கிறது.

அவர்களிடம் கொடுக்க என்ன இருக்கிறது?

ஆப்பைத் தேர்ந்தெடுக்கும்போது பெரும்பாலோர் கேட்பது, "இதில் எண்ட்-டு-எண்ட் என்கிரிப்ஷன் உண்டா?" என்பதுதான். அனுப்பும் போனில் பூட்டி, பெறும் போனில் மட்டும் திறக்கும் முறை அது. நடுவில் உள்ள நிறுவனத்தாலும் படிக்க முடியாது. அவசியமான கேள்விதான், ஆனால் போதாது. சிக்னலில் உள்ள அதே புரோட்டோகாலைத்தான் வாட்ஸ்அப் 2016 ஏப்ரலில் எல்லாப் பயனர்களுக்கும் கொண்டுவந்து முடித்தது. பூட்டு இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். அதை மட்டும் பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது.

நான் முதலில் கேட்கச் சொல்வது வேறு. நாளைக்கு நீதிமன்ற உத்தரவோடு யாராவது அந்த நிறுவனத்தின் வாசலில் நின்றால், எடுத்துக் கொடுக்க அவர்களிடம் என்ன இருக்கும்?

செய்தியின் உள்ளடக்கத்தைப் படிக்காமலேயே ஒரு குழுவின் கதையைச் சொல்லிவிடலாம். காவல் நிலையத்திலிருந்து வெளியே வந்த ஒருவர் இரவு 11 மணிக்கு ஒரு மருத்துவரை அழைக்கிறார். 11.20க்கு ஒரு வழக்கறிஞரை. மறுநாள் காலை அந்த வழக்கறிஞர் ஒரு பத்திரிகையாளரோடு 40 நிமிடம் பேசுகிறார். மாலையில் நால்வரும் ஒரே குரூப்பில் சேர்கிறார்கள். இதில் ஒரு சொல்லைக்கூட யாரும் கேட்கவில்லை. ஆனால் நடந்தது என்ன, அடுத்து யார் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும் என்பது தெரிந்துவிட்டது. இந்த விவரங்களுக்குத்தான் மெட்டாடேட்டா என்று பெயர். அமெரிக்காவின் உளவு அமைப்புகளான என்எஸ்ஏ, சிஐஏ இரண்டுக்கும் தலைவராக இருந்த மைக்கேல் ஹேடன், மெட்டாடேட்டாவை வைத்து ஆட்களைக் கொல்கிறோம் என்று 2014இல் ஒரு மேடையில் வெளிப்படையாகவே சொன்னார்.

இந்தக் கேள்விக்கு ஊகத்தில் பதில் தேட வேண்டியதில்லை. 2016இல் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் ஒரு கிராண்ட் ஜூரி (குற்றம் சாட்டலாமா என்று விசாரிக்கும் குடிமக்கள் குழு), சிக்னலை நடத்திவந்த அமைப்புக்கு இரண்டு போன் எண்களைக் கொடுத்து, அவற்றைப் பற்றி இருப்பதையெல்லாம் கேட்டது. பெயர், முகவரி, தொடர்புகள், அழைப்பு விவரம் எல்லாம். ஓர் எண் சிக்னலிலேயே இல்லை. இன்னொன்றுக்கு அவர்களால் கொடுக்க முடிந்தவை இரண்டே தகவல்கள்: கணக்கு எப்போது தொடங்கப்பட்டது, கடைசியாக எப்போது சர்வரோடு இணைந்தது. இதை வெளியே சொல்லக்கூடாது என்ற தடையையும் எதிர்த்துப் போராடி, அந்த ஆண்டு அக்டோபரில் ஆவணங்களைப் பொதுவில் வைத்தார்கள்.

எந்த ஆப்பிலிருந்து சட்டப்படி எதைப் பெறலாம் என்று எஃப்பிஐ தன் ஆட்களுக்காகத் தயாரித்த ஒரு பக்கத் தாள் 2021இல் தகவல் உரிமைக் கோரிக்கை ஒன்றின் வழியே வெளியே வந்தது. சிக்னலுக்கு நேரே அதே இரண்டு தகவல்கள். வாட்ஸ்அப்புக்கு நேரே இருந்த வரி நீளமானது. உரிய உத்தரவு இருந்தால் யார் யாருக்குச் செய்தி அனுப்புகிறார் என்ற விவரம் 15 நிமிடத்துக்கு ஒருமுறை வரும். தேடுதல் ஆணை இருந்தால் அந்த நபரின் தொடர்புப் பட்டியலும், அவரைத் தங்கள் தொடர்புகளில் வைத்திருக்கும் மற்றவர்களின் பட்டியலும் கிடைக்கும். இரண்டாவதைக் கவனியுங்கள். நீங்கள் யாருடைய எண்ணையும் சேமிக்காவிட்டாலும், உங்கள் எண்ணைச் சேமித்தவர்கள் வழியே நீங்கள் அகப்படுகிறீர்கள்.

என் சாய்வு எந்தப் பக்கம் என்பது இதற்குள் தெரிந்திருக்கும். ஆனாலும் வாட்ஸ்அப்பை அப்படியே ஒதுக்கிவிட முடியாது.

வாட்ஸ்அப்பின் பலம் கூட்டம்

இருநூறு கோடிக்கும் மேற்பட்டவர்கள் பயன்படுத்தும் ஆப் போனில் இருப்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. இது சின்ன விஷயமில்லை. துருக்கியில் 2016 ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சிக்குப் பிறகு பைலாக் என்ற மெசேஜிங் ஆப்பை வைத்திருந்தார்கள் என்பதையே முக்கிய ஆதாரமாக்கி ஆயிரக்கணக்கானோருக்குத் தண்டனை கொடுத்தார்கள். என்ன பேசினார்கள் என்பது இரண்டாம்பட்சம். ஒரு பள்ளி ஆசிரியரின் வழக்கில் இது உரிமை மீறல் என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் பெரிய அமர்வு 2023 செப்டம்பரில் தீர்ப்பளித்தது. அதற்குள் பலர் தண்டனையையே அனுபவித்து முடித்திருந்தார்கள். சோதனைச் சாவடியில் போனை வாங்கித் தள்ளிப் பார்க்கும் இடங்களில், சாட்சி ஒருவரிடம் "எங்களோடு பேச சிக்னலைப் போட்டுக்கொள்ளுங்கள்" என்று சொல்வது அவர் நெற்றியில் முத்திரை குத்துவதாக முடியலாம். குழு தனக்காக எடுக்கும் பாதுகாப்பு முடிவை அவர் தலையில் சுமத்தும் முன் இதை யோசிக்க வேண்டும்.

வாட்ஸ்அப்பின் பெரிய ஓட்டை பேக்கப்பில் இருக்கிறது. உரையாடல்கள் கூகுள் கணக்கிலோ ஐகிளவுடிலோ பேக்கப் ஆகும்போது, 2021 வரை அவற்றுக்கு எண்ட்-டு-எண்ட் பூட்டு கிடையாது. அந்த ஆண்டு அக்டோபரில் வசதி வந்தது. ஆனால் பயனரே அமைப்புகளுக்குள் போய் அதை இயக்க வேண்டும். பத்துப் பேர் உள்ள குரூப்பில் ஒன்பது பேர் இதைச் செய்து ஒருவர் விட்டுவிட்டால், முழு உரையாடலும் அந்த ஒருவரின் கிளவுடில் திறந்தே கிடக்கும். எஃப்பிஐயின் தாள் இதையும் மறக்காமல் குறிப்பிட்டிருந்தது.

உளவு மென்பொருள் விஷயத்தில் வாட்ஸ்அப்பைக் குறைசொல்பவர்கள் பாதிக் கதையைத்தான் சொல்கிறார்கள். 2019இல் அதன் அழைப்பு வசதியில் இருந்த குறையைப் பயன்படுத்தி, இஸ்ரேலின் என்எஸ்ஓ நிறுவனத்தின் பெகாசஸ் ஏறக்குறைய 1,400 பேரின் போன்களைக் குறிவைத்தது. அழைப்பை எடுக்க வேண்டிய தேவைகூட இல்லை. பத்திரிகையாளர்களும் உரிமைச் செயற்பாட்டாளர்களும் அதில் இருந்தார்கள். ஆனால் வாட்ஸ்அப் அதைக் கண்டுபிடித்தது, பாதிக்கப்பட்டவர்களுக்குத் தெரிவித்தது, வழக்குப் போட்டது. 2024 டிசம்பரில் என்எஸ்ஓவே பொறுப்பு என்று அமெரிக்க நீதிமன்றத்தைச் சொல்லவும் வைத்தது. 2025 ஜனவரியில் பாரகன் என்ற வேறொரு நிறுவனத்தின் உளவு மென்பொருளால் குறிவைக்கப்பட்ட சுமார் 90 பேரையும் எச்சரித்தது. இந்த அளவுக்கு ஆளும் பணமும் வைத்து எதிர்த்து நிற்கச் சிறிய நிறுவனங்களால் முடியாது. வாட்ஸ்அப்பின் உரிமையாளரான மெட்டாவைப் பாராட்ட எனக்குப் பெரிய விருப்பமில்லை, ஆனாலும் இதை எழுதாமல் விட்டால் ஒப்பீடு நேர்மையாக இருக்காது.

டெலிகிராம் பற்றிய மயக்கம்

டெலிகிராமில் நீங்கள் சாதாரணமாகத் தொடங்கும் உரையாடலுக்கு எண்ட்-டு-எண்ட் என்கிரிப்ஷன் கிடையாது. அது நிறுவனத்தின் சர்வரில் இருக்கிறது, சாவியும் அவர்களிடமே. 'சீக்ரெட் சாட்' என்று தனியாகத் தேடிப்போய்த் தொடங்கினால்தான் உண்டு. அதுவும் இரண்டு பேருக்கு மட்டும். குரூப்புகளுக்கு அப்படி ஒரு வசதியே இல்லை. அதாவது நமக்கு எது தேவையோ, பத்துப் பதினைந்து பேர் ரகசியமாகப் பேசுவது, அதை டெலிகிராமால் செய்யவே முடியாது. இவ்வளவு தெரிந்தும் "டெலிகிராம்தான் சேஃப்" என்ற பேச்சு எப்படி நிலைக்கிறது என்று கேட்டால், அதற்குக் காரணம் அரசியல். 2018இல் சாவியைத் தர மறுத்ததற்காக ரஷ்யா அதைத் தடைசெய்தது. தடுக்கப்போய் அமேசான், கூகுள் முகவரிகள் லட்சக்கணக்கில் முடங்கின. டெலிகிராம் ஓடிக்கொண்டே இருந்தது. 2020 ஜூனில் தடையையே விலக்கிக்கொண்டார்கள். தடையை மீறி நின்ற பெயர், செய்தியைக் காக்கும் பெயராக மாறிவிட்டது. இரண்டும் வேறு திறமைகள்.

சர்வரில் செய்தி இருப்பதன் ஆபத்தை ஒரு காட்சியாகவே பார்க்கலாம். ஒருவரின் சிம்மைக் கட்டுப்படுத்தும் தொலைபேசி நிறுவனம் அரசின் பிடியில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நள்ளிரவில் வேறொரு போனில் அவர் எண்ணைப் போட்டு டெலிகிராமில் நுழைகிறார்கள். சரிபார்ப்புக் குறியீடு எஸ்எம்எஸ்ஸில் போகிறது, வழியிலேயே அதைப் பிடிக்கிறார்கள். உள்ளே நுழைந்ததும் ஆண்டுக்கணக்கான உரையாடல்கள் வரிசையாகத் திரையில் இறங்குகின்றன. ஈரானில் செயற்பாட்டாளர்களின் டெலிகிராம் கணக்குகள் இந்த வழியில் கைப்பற்றப்பட்டதாக 2016இல் ஆய்வாளர்கள் வெளிப்படுத்தினார்கள். இதே வேலையைச் சிக்னலில் செய்தால் வெறும் கணக்குதான் கிடைக்கும். பழைய செய்தி ஒன்றுகூட வராது, தொடர்பில் இருப்பவர்களுக்குப் பாதுகாப்பு எண் மாறிவிட்டது என்ற அறிவிப்பும் போகும். பதிவுப் பூட்டை இயக்கியிருந்தால் பின் எண் இல்லாமல் கணக்கைப் பதிவதும் எளிதல்ல. டெலிகிராமை வைத்தே ஆக வேண்டியவர்கள் இன்றைக்கே இரண்டு-படிச் சரிபார்ப்பில் ஒரு கடவுச்சொல்லைப் போட்டுக்கொள்ளுங்கள்.

2024 ஆகஸ்டில் அதன் நிறுவனர் பாவெல் துரோவ் பாரிஸ் அருகே விமான நிலையத்தில் கைதானார். அடுத்த மாதமே, முறையான சட்டக் கோரிக்கை வந்தால் விதிகளை மீறியவர்களின் ஐபி முகவரியையும் (இணைய இணைப்பின் அடையாள எண்) போன் எண்ணையும் கொடுப்போம் என்று நிறுவனம் கொள்கையை மாற்றியது. நல்லவர் நடத்துகிறார், கொடுக்க மாட்டார் என்ற நம்பிக்கையின் ஆயுள் அவ்வளவுதான்.

ஆனால் ஊருக்கே கேட்கும்படி பேச வேண்டும் என்றால் டெலிகிராம் சேனலுக்கு ஈடு குறைவு. 2020இல் பெலாரஸ் தேர்தலுக்குப் பிந்தைய போராட்டங்களில், இணையம் பெருமளவு முடக்கப்பட்டிருந்த நாட்களிலும் மக்களுக்குச் செய்தி போய்ச் சேர்ந்தது பெரும்பாலும் அதன் சேனல்கள் வழியாக. அறிக்கை வெளியிடுவது, பொதுமக்களை எச்சரிப்பது போன்றவற்றில் மறைக்க எதுவும் இல்லை. அதற்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளலாம்.

சிக்னலின் குறைகள்

பரிந்துரைக்கப் போகிற ஆப்பைத்தான் அதிகம் குடைய வேண்டும். சிக்னலில் சேரப் போன் எண் கட்டாயம். அடையாள ஆவணம் இல்லாமல் சிம் கிடைக்காத நாடுகளில், ஆள் யார் என்பது அங்கேயே பதிவாகிவிடுகிறது. 2024 பிப்ரவரியில் வந்த யூசர்நேம் வசதியால் மற்ற பயனர்களிடமிருந்து எண்ணை மறைக்கலாம். களப்பணியாளர் ஒருவர் தன் எண்ணைத் தராமலேயே சாட்சியோடு பேசலாம் என்பது பெரிய ஆறுதல். பதிவதற்கு எண் வேண்டும் என்பது மட்டும் மாறவில்லை. எண்ணைச் சரிபார்க்கும் வேலையைச் செய்துவந்த ட்விலியோ நிறுவனத்துக்குள் 2022இல் ஊடுருவியவர்களால் சுமார் 1,900 சிக்னல் பயனர்களின் எண்கள் வெளிப்படும் நிலை வந்ததும் இந்த வழியில்தான்.

தடுப்பதும் எளிது. சீனா, ஈரான், ரஷ்யா, வெனிசுவேலா ஆகியவை சிக்னலைத் தடுத்திருக்கின்றன. தடையைச் சுற்றிப்போக இடையில் வேறொரு சர்வரைப் பயன்படுத்தும் பிராக்ஸி வசதி உள்ளுக்குள்ளேயே இருக்கிறது, ஆனால் தடை வந்த பிறகு பிராக்ஸி முகவரியைத் தேடி அலைவதைவிட முன்பே ஒன்றைக் கையில் வைத்திருப்பது நல்லது. 2025 அக்டோபரில் அமேசானின் கிளவுட் சேவை தடுமாறியபோது சிக்னலும் சேர்ந்து படுத்தது. ஒரே மையத்தை நம்பியிருக்கும் எதற்கும் இந்த விதி உண்டு.

மற்ற இரண்டு ஆபத்துகள் ஆப்பில் இல்லை, ஆப்பைப் பிடித்திருக்கும் கையில் இருக்கின்றன. கணினியிலும் சிக்னலைப் பார்க்க ஒரு கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்வோம் அல்லவா? குரூப்பில் சேரும் அழைப்பு மாதிரி வேடமிட்டு அதே குறியீட்டை அனுப்பி, ஸ்கேன் செய்தவரின் கணக்கோடு தங்கள் கணினியை இணைத்துக்கொள்ளும் தந்திரத்தை ரஷ்யாவோடு தொடர்புடைய குழுக்கள் கையாளுவதாக 2025 பிப்ரவரியில் கூகுளின் ஆய்வாளர்கள் எச்சரித்தார்கள். அதன்பின் வரும் ஒவ்வொரு செய்தியும் அவர்களுக்கும் ஒரு பிரதி. எதையும் உடைக்க வேண்டியதில்லை. இரண்டாவது, அடுத்த மாதமே உலகம் பார்த்தது. யேமன் மீதான தாக்குதலைப் பற்றி அமெரிக்காவின் உயர் அதிகாரிகள் பேசிக்கொண்டிருந்த சிக்னல் குரூப்பில் ஒரு பத்திரிகை ஆசிரியரைத் தவறுதலாகச் சேர்த்துவிட்டார்கள். என்கிரிப்ஷன் தன் வேலையைக் குறையில்லாமல் செய்து, எல்லாச் செய்திகளையும் அவருக்கும் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

இணையமே இல்லாதபோது

ஆக்சஸ் நவ் அமைப்பின் கணக்குப்படி 2024இல் மட்டும் 54 நாடுகளில் 296 முறை இணையம் முடக்கப்பட்டது. அந்த நாட்களில் மேலே சொன்ன மூன்றும் ஒன்றுதான்: எதுவும் வேலை செய்யாது. பிரையர் ஆப் அதற்காகவே செய்யப்பட்டது. இணையம் இருந்தால் யார் யாரோடு பேசுகிறார் என்பதை மறைக்கும் டார் வலையமைப்பு வழியாகவும், இல்லாவிட்டால் புளூடூத், வைஃபை வழியாகவும் போனுக்குப் போன் நேராகச் செய்தியை அனுப்பும். நடுவில் சர்வர் இல்லை, ஆகவே யாரிடமும் கேட்டு வாங்க மெட்டாடேட்டாவும் இல்லை. போன் எண்ணும் வேண்டாம்.

விலை என்னவென்றால், போன்களில் ஆண்ட்ராய்டில் மட்டும்தான் ஓடும், ஐபோனில் ஓடாது. பேட்டரியைத் தின்னும். இணையம் இல்லாதபோது இருவரும் ஒரே கட்டடத்தில், ஒரே கூட்டத்தில் என்கிற அளவுக்கு அருகில் இருக்க வேண்டும். குரூப் செய்திகள் ஒருவரிடமிருந்து இன்னொருவர் போனுக்குத் தொற்றிக்கொண்டு மெல்லப் பரவும். தினசரிப் பேச்சுக்கு இதைக் கட்டாயமாக்கினால் இரண்டாவது வாரத்தில் எல்லாரும் பழைய குரூப்புக்கே திரும்பிவிடுவார்கள். ஆனால் முடக்கம் வரக்கூடிய இடத்தில் நாலைந்து பேர் போனில் இப்போதே போட்டு, ஒருவரையொருவர் நேரில் சேர்த்து வைத்துக்கொள்வது நல்லது. இதே வேலைக்குப் பலர் சொல்லும் பிரிட்ஜ்ஃபையைப் பற்றி ஒரு எச்சரிக்கை: ஹாங்காங் போராட்டங்களில் பிரபலமான அதில், செய்திகளைப் படிக்கவும் பயனர்களைப் பின்தொடரவும் வழிவிடும் கடுமையான குறைகள் இருந்ததை லண்டன் ராயல் ஹாலோவே பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்டார்கள். பிறகு திருத்தங்கள் வந்தன. எனக்கு இன்னும் மனம் ஒப்பவில்லை.

எலிமென்ட் போன்ற ஆப்கள் வழியாகப் பயன்படுத்தும் மேட்ரிக்ஸ் என்ற முறை, குழுவே தன் சர்வரை நடத்திக்கொள்ள வழிசெய்கிறது. பிரான்ஸ் அரசு தன் ஊழியர்களுக்கு இதன் மேல்தான் ஓர் ஆப்பைக் கட்டியது. நடத்தத் தெரிந்த ஆள் நிரந்தரமாக இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் வேண்டாம். பராமரிக்காத சர்வரைப் போல் ஆபத்து வேறில்லை. மின்னஞ்சலை எவ்வளவு பூட்டினாலும் மின்னஞ்சலுக்கான வழக்கமான பூட்டு முறையான பிஜிபியில் தலைப்பு வரி திறந்தே போகும். 2021இல் புரோட்டான் மெயில், சுவிஸ் சட்ட உத்தரவுக்குப் பணிந்து பிரெஞ்சுக் காலநிலைச் செயற்பாட்டாளர் ஒருவரின் ஐபி முகவரியைப் பதிவுசெய்து கொடுக்க நேர்ந்தது. சாதாரண போன் அழைப்பும் எஸ்எம்எஸ்ஸும் ஒப்பீட்டுக்கே வராதவை. அமெரிக்கத் தொலைபேசி நிறுவனங்களுக்குள் ஊடுருவல் நடந்தது வெளியானதும், 2024 டிசம்பரில் அந்நாட்டு இணையப் பாதுகாப்பு அமைப்பே எண்ட்-டு-எண்ட் ஆப்புக்கு மாறுங்கள் என்று சொல்லிவிட்டது.

போனே பறிபோனால்

ஐக்கிய அரபு அமீரகத்தின் உரிமைச் செயற்பாட்டாளர் அகமது மன்சூருக்கு 2016 ஆகஸ்டில் ஒரு எஸ்எம்எஸ் வந்தது. சிறைகளில் நடக்கும் சித்திரவதை பற்றிய புதிய ரகசியங்கள் என்று சொல்லி ஓர் இணைப்பு. அவர் தொடவில்லை. உளவு மென்பொருள்களை ஆராயும் டொரொண்டோவின் சிட்டிசன் லேபுக்கு அனுப்பினார். தொட்டிருந்தால் அவருடைய ஐபோன் முழுதாக அடுத்தவர் கைக்குப் போயிருக்கும். ஆப்பிளே அறியாத மூன்று குறைகளைக் கோத்து அந்தக் கண்ணியைக் கட்டியிருந்தார்கள். சில நாட்களில் ஆப்பிள் திருத்தம் வெளியிட்டது. மன்சூர் அடுத்த ஆண்டு கைதானார், 2018இல் பத்தாண்டுச் சிறை விதித்தார்கள். எந்த ஆப்பைத் தேர்ந்தெடுத்தாலும் திரையில் தெரிவது உள்ளே இருப்பவருக்கும் தெரியும். 2024 டிசம்பரில் செர்பியா பற்றி அம்னெஸ்டி வெளியிட்ட அறிக்கையில் இன்னும் எளிய வழி இருந்தது. விசாரணைக்கு அழைத்து, போனை வாங்கி வைத்து, செலிபிரைட் கருவியால் திறந்து, உளவு மென்பொருளை ஏற்றித் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள்.

ஆகவே, தானே மறையும் செய்திகளை எப்படி அமைப்பது என்பது எந்த ஆப் என்பதற்குச் சமமான கேள்வி. குழுவுக்குள் ஒரு வாரம் போதும் என்பது என் கணக்கு. இங்கே உரிமைக் குழுக்களுக்கே உரிய ஒரு சிக்கல் வருகிறது. மறைந்துபோகிற செய்தியில்தான் ஆதாரமும் இருக்கிறது. காயத்தின் படத்தை அழியவிட்டுவிட்டு ஆறு மாதம் கழித்து நீதிமன்றத்தில் என்ன காட்டுவது?

பேசும் இடத்தையும் வைக்கும் இடத்தையும் பிரித்துவிடுவதுதான் வழி. படத்தைச் சாதாரணமாக அனுப்பினால் ஆப் அதைச் சுருக்கிவிடும், எடுத்த நேரம், இடம் போன்ற விவரங்களையும் பெரும்பாலும் கழற்றிவிடும். நீதிமன்றத்துக்கு வேண்டியதே அவைதான். டெல்லா போன்ற ஆப்பில் எடுத்தால் படம் கேலரிக்குள் போகாமல் தனியாகப் பூட்டப்பட்டிருக்கும், ஆப்பையே கால்குலேட்டர் மாதிரி மறைத்தும் வைக்கலாம். அங்கிருந்து குழுவின் சேமிப்பகத்துக்குப் போகட்டும். அரட்டையில் "படம் வந்துவிட்டது" என்ற வரி மட்டும் இருக்கட்டும்.

இப்படிப் பிரிக்கலாம்

குழுவின் உள்வட்டத்துக்குச் சிக்னல். போன் எண்ணை மறைத்து, பதிவுப் பூட்டு போட்டு, மறையும் நேரம் ஒரு வாரம் வைத்து, அறிவிப்பில் பெயரும் செய்தியும் தெரியாதபடி மாற்றிக்கொள்ளுங்கள். அறிவிப்புகள் ஆப்பிள், கூகுள் சர்வர்கள் வழியாகத்தான் வருகின்றன என்பதும், அந்தப் பதிவுகளை அரசுகள் கேட்டு வாங்கியிருக்கின்றன என்பதும் 2023இல் அமெரிக்க செனட்டர் ரான் வைடனின் கடிதத்தால் வெளிவந்தது. ஐபோன் வைத்திருப்பவர்களில் அதிகம் குறிவைக்கப்படக்கூடியவர், ஊடுருவலைக் கடினமாக்கச் சில வசதிகளை முடக்கும் லாக்டவுன் மோடை இயக்கிக்கொள்ளட்டும்.

சாட்சிகளோடும் பாதிக்கப்பட்டவர்களோடும் அவர்கள் எதில் இருக்கிறார்களோ அதிலேயே பேசுங்கள். பெரும்பாலும் அது வாட்ஸ்அப்பாக இருக்கும். எங்கே, எப்போது சந்திப்பது என்பதோடு நிறுத்திக்கொண்டு, வாக்குமூலத்தை நேரில் வாங்குங்கள். அவர்களை எந்தக் குரூப்பிலும் சேர்க்காதீர்கள். குரூப்பில் ஒருவர் எண் மற்றவருக்குத் தெரியும், சாட்சிகள் ஒருவரையொருவர் அறிவது வழக்கையே கெடுக்கலாம். அவரே சிக்னலுக்கு வர விரும்பினால் அது வேறு. வெளியுலகத்துக்கான அறிவிப்புகள் டெலிகிராம் சேனலில் போகலாம், அதை நடத்தும் கணக்கின் எண் யாருடைய சொந்த எண்ணாகவும் இருக்கக் கூடாது. முடக்கம் வரும் இடம் என்றால் நாலைந்து ஆண்ட்ராய்டில் பிரையர்.

இவற்றோடு ஒன்றை முன்பே பேசி முடித்துவிட வேண்டும். உறுப்பினர் ஒருவர் கைதானார், அல்லது அவரிடமிருந்து பதிலே வரவில்லை என்றால், அவரை எல்லாக் குரூப்பிலிருந்தும் உடனே நீக்கும் அதிகாரம் குறைந்தது இருவரிடம் இருக்க வேண்டும். நீக்கப்படுவது அவமதிப்பு அல்ல என்பது எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும். நீக்கினாலும் பழைய செய்திகள் அவர் போனில் இருக்கும், புதியவை போகாது, அவ்வளவுதான். திரும்பி வந்ததும் அதே போனோடு மறுபடி சேர்க்காதீர்கள். இணைக்கப்பட்ட சாதனங்களின் பட்டியலை முதலில் பாருங்கள், போனை யாராவது தொட்டிருந்தால் தெரிந்தவர்களிடம் கொடுத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். அதுவரை அவரோடு நேரில் பேசிக்கொள்ளலாம்.